இசைத்தட்டுக்கு முதலைத் தோல் வந்த கதை

எனக்குக் கோபம் வரும். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஏணியைச் சரியாகப் பிடிக்காதவன் மேல் வரும். சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிர்த் திசையில் வண்டி ஓட்டி வருகிறவன் மேல் தினமும் இரண்டு வேளை வரும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தப்பு அடுத்தவன் மேல் இருந்தால் என் கோபம் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். தப்பு என் மேல் இருந்தால்தான் ஊரைக் கூட்டுவேன். இங்கே எழுதப்போவது நான் வாழ்க்கையிலேயே அதிகமாகக் கத்திய நாளைப் பற்றி. அதனால் தப்பு யார் மேல் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

நான் ஏசி மெக்கானிக். தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. 'தெரியாது' என்ற வார்த்தை வாயில் வராது. ஓடாத கம்ப்ரஸரைத் தட்டிப் பார்ப்போம், காதை வைத்துக் கேட்போம், 'ம்ம்' என்போம். அந்த 'ம்ம்'முக்கு அர்த்தம், 'எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை' என்பதுதான். ஆனால் வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தெம்பாகி, உள்ளே போய் டீ போடச் சொல்லுவார். (டீ நன்றாகவே இருக்கும். நான் குறை சொல்லவில்லை.)

ரேவதி எனக்குப் பழக்கமானது பத்து வருடத்துக்கு முன்னால். சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அங்கே கம்ப்யூட்டர் அறை ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மூன்று தடவை என்னைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, "உங்களுக்கு நிஜமாவே வேலை தெரியுமா?" என்று கேட்டாள். நான் கத்தினேன். அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். என்னைக் கத்தலில் ஜெயித்த முதல் ஆள் அவள்தான். அப்புறம் ஏசி ஒழுகாமலே போனில் பேச ஆரம்பித்தோம். ஒரு வருடம் கழித்து, "எங்கப்பாவ வந்து பாரு" என்றாள்.

அவள் அப்பா ராஜகோபால் சார் அரசு அலுவலகத்திலிருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். சிட்லபாக்கத்தில் காலனி வீடு. குரலே உயராத மனிதர். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் பயம். கத்துகிறவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். இவர்களிடம் காதை வைத்துக் கேட்டாலும் ஒன்றும் கேட்காது.

"உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றியது. அதில் பேரிங் போயிருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். ரேவதி கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள்.

"பாட்டு கேப்பீங்களா?"

"எல்லாம் கேப்பேன் சார்."

அவர் எழுந்து உள்ளே போய், ஒரு சதுர அட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். இசைத்தட்டு. அட்டையில் ஒரு ஈரமான சாலை, அதில் ஒரு கழுதை, கழுதைக்குப் பின்னால் தலைமுடி வளர்த்த நாலு வெள்ளைக்காரர்கள். நாலு பேருக்கும் மூன்று நாளாகத் தூக்கம் இல்லாத முகம். கழுதை மட்டும் தெளிவாக இருந்தது.

"ப்ளூஸ் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். (ஜன்னலில் ஒன்றும் இல்லை. கொசுவலைதான் இருந்தது.)

சார் முகம் மலர்ந்தது. "அமெரிக்காவுல பருத்திக் காட்டுல வேல செஞ்ச கறுப்பின மக்களோட பாட்டு அது. வெறும் கிட்டாரும் குரலும்தான். அத இங்கிலாந்துப் பசங்க கேட்டு, மயங்கிப்போய், கிட்டாருக்குக் கரன்ட்டக் குடுத்து, டிரம்ஸப் போட்டு இப்படி ஆக்கினாங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

"ஆமா சார்."

அந்தத் தட்டு அவருக்கு வந்த விதத்தையும் சொன்னார். வேலையில் சேர்ந்த புதிதில் பல்லாவரம் கன்டோன்மென்ட் பக்கம் குடியிருந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியர் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் இதைப் போடுவாராம். ஆஸ்திரேலியா போகும்போது பிளேயரை விற்றுவிட்டு, தட்டை மட்டும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் கல்யாணம், வீட்டுக் கடன், இரண்டு பெண்கள். முப்பது வருடமாகத் தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்க பிளேயர் இல்லை.

"ரிட்டையர் ஆனதுக்குப் பொண்ணுங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிளேயர் வாங்கித் தராங்க. சனிக்கிழமை வருது. ஆனா பாருங்க, பூஞ்சை புடிச்சிருக்கு. இதச் சுத்தம் பண்ண யாருக்குத் தெரியும்னுதான் தெரியல."

"நான் பண்ணித் தரேன் சார்."

"இதெல்லாம் பண்ணியிருக்கீங்களா?"

"நெறைய பண்ணியிருக்கேன் சார்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அட்டையை என்னிடம் நீட்டினார். "அடுத்த ஞாயித்துக்கிழம அப்பா அம்மாவக் கூட்டிட்டு வாங்க. மொதல்ல இதக் கேப்போம். அப்புறம் உங்க ரெண்டு பேர் விஷயத்தப் பேசுவோம்."

கேட் வரை ரேவதி வந்தாள்.

"உனக்கு ப்ளூஸ் தெரியுமா?"

"தெரியாது."

"இதச் சுத்தம் பண்ணத் தெரியுமா?"

"பண்ணிடலாம்."

"நல்லாக் கேட்டுக்கோ. அப்பா ரெண்டு மனசுல இருக்காரு. இது ஒழுங்கா வந்துட்டா அவரே பேச ஆரம்பிச்சிடுவாரு. சொதப்பினா, வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. 'பாக்கலாம்'னு சொல்லுவாரு. அவர் பாக்கலாம்னு சொன்ன எதுவும் இந்த வீட்டுல இதுவரைக்கும் நடந்ததில்ல. நாய் வளக்கணும்னு நான் ஆறாவது படிக்கும்போது கேட்டேன். பாக்கலாம்னாரு."

அந்த வீட்டில் நாய் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் அந்தத் தட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், பூஞ்சை எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இதில் பாட்டு எங்கே இருக்கிறது? ஏசியில் எல்லாவற்றுக்கும் ஒரு பாதை உண்டு. காஸ் இந்தக் குழாயில் போகும், அந்தக் குழாயில் திரும்பும், கையை வைத்தால் சூடும் குளிரும் தெரியும். இது வெறும் கறுப்புத் தட்டு. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு கோடாகப் பள்ளங்கள், ஏசி காயிலின் தகடுகள் மாதிரி நெருக்கமாக. ஆனால் நேராக இல்லை. ஒவ்வொரு கோடும் நடுங்கியது. சில இடத்தில் கொஞ்சமாக, சில இடத்தில் ஜன்னி கண்ட மாதிரி.

போனில் தேடினேன். அந்த நடுக்கம்தான் சத்தம் என்று போட்டிருந்தது. ஒரு முள் அந்தப் பள்ளத்தில் ஓடினால் அதுவும் நடுங்கும், அந்த நடுக்கத்தைப் பெரிதாக்கினால் பாட்டு. பிளேயர்கூட வேண்டாம், காகிதக் கூம்பும் குண்டூசியும் போதும் என்றான் ஒருவன். (அப்படிச் செய்தால் தட்டு கெட்டுவிடும் என்றும் அதன் கீழேயே எழுதியிருந்தான். நான் அதுவரை படிக்கவில்லை.)

இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் ஒரு போல்ட்டைச் செங்குத்தாகப் பிடித்தேன். தட்டை அதன்மேல் மாட்டினேன். நாள்காட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் குண்டூசியைக் குத்தினேன். ஒரு விரலால் தட்டைச் சுற்றிக்கொண்டே ஊசியை மெதுவாக வைத்தேன்.

முதலில் எண்ணெய் காய்கிற மாதிரி சத்தம். அப்புறம் எங்கிருந்தோ ஒரு கிட்டார் இழுத்தது. அதற்குப் பிறகு, தீப்பெட்டிக்குள் அடைபட்ட ஒரு ஆள் வாயைத் திறந்து ஊளையிட்டான். அது பாட்டு மாதிரியே இல்லை. பூட்டின வீட்டு வாசலில் நின்று ஒருத்தன் கத்துகிற மாதிரி இருந்தது. என் கை மயிர் எழுந்து நின்றது. நான் பதறி விரலை வேகமாகச் சுற்ற, அவன் குரலும் மேலே மேலே ஏறியது. பன்னிரண்டு நொடி இருக்கும். ஊசி வழுக்கிவிட்டது.

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. பெருங்களத்தூரில் ஒரு வீட்டுக்கு காஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போதும் அதே யோசனை. அந்த ஆளுக்கு யார் மேல் அவ்வளவு கோபம்? கோபம் என்றால் எனக்குத் தெரியாததா? ஆனால் இது நான் அதுவரை கேட்காத ரகம்.

வியாழக்கிழமை கழுவினேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? நான் காயில் கழுவுகிறவன். அதனால் காயில் கழுவுகிற பம்ப்பை எடுத்து, ஷாம்பூ பாக்கெட் ஒன்றைப் பிரித்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். பூஞ்சை போய்விட்டது. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் பாதியும் போய்விட்டது. தட்டு பளபளவென்று இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய், காயட்டும் என்று மொட்டை மாடியில் தகர ஷீட் மேல் வைத்தேன்.

மே மாதம். காலை பதினோரு மணி.

இதைப் படிக்கும் நீங்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். வைக்காதவர்கள் தாம்பரத்தில் மே மாதம் இருந்ததில்லை என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். வீட்டில் கைக்குழந்தை, ஏசி ஓடவில்லை என்றார். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று போனவன், திரும்பும்போது மணி இரண்டு.

மாடிக்கு ஏறினேன். தட்டு இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. கறுப்புக் கிண்ணம். ஓரமெல்லாம் அலை அலையாக மேலே எழும்பி, நடுவே குழிந்து, அந்தக் குழியில் ஒரு பிடி தயிர் சாதம்.

"அம்மா" என்று கத்தினேன்.

அம்மா படியேறி வந்தார். "ஏன்டா கத்துற? காக்காவுக்கு நீயே வாங்கி வெச்சிருக்கன்னு நெனச்சேன். நல்லா ஆழமா கீதேன்னு சோறு வெச்சேன்."

"இது பாட்டு தட்டும்மா."

"பாட்டு தட்ட யாராச்சும் வெயில்ல வெப்பாங்களா?"

நான் அம்மா மேல் ஒரு மணி நேரம் கத்தினேன். ஆரம்பத்திலேயே சொன்னேனே, அந்த ரகக் கோபம். அம்மா தயிர் சாதத்தை வழித்துச் சுவர் மேல் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

இப்போது இதை நிமிர்த்த வேண்டும். இஸ்திரி வண்டிக்காரர் நினைவுக்கு வந்தார். கரிப்பெட்டியை நினைத்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டேன். அப்புறம்தான் ஜாகிர் நினைவுக்கு வந்தான். பள்ளிக்கூட நண்பன். பம்மலில் அவன் மாமாவின் தோல் பட்டறையில் வேலை செய்தான். அங்கே ஒரு பெரிய பிரஸ் இருக்கிறது. சுருங்கி முறுக்கிக்கொண்டு வரும் தோலைச் சூட்டோடு அமுக்கினால் காகிதம் மாதிரி நிமிர்ந்துவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பம்மல் போனேன். (பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாபா இது, பூந்தொட்டியா?" என்றார். ஆமாம் என்றேன்.)

ஜாகிர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா மச்சான் இது?"

"இதுதான்டா என் கல்யாணம்."

"உன் மூஞ்சி மாரியே கோணிகினு கீது. சரி வுடு. மாட்டுத் தோலையே நிமித்துறோம், இதெல்லாம் ஒரு மேட்டரா?"

"கெட்டுப்போயிடாதே?"

"பண்ணிடலாம் மச்சான்."

அவனுக்கும் அதே வியாதி என்று அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிரஸ் எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். கீழே சமமான மேடை. மேலே சூடான இரும்பு பிளேட். தோலை மேடையில் வைத்தால் பிளேட் இறங்கி அமுக்கும். மொழுமொழுவென்ற தோல் வேண்டும் என்றால் வழுவழுப்பான பிளேட். கைப்பைக்கு முதலைத் தோல் மாதிரி வேண்டும் என்றால் முதலைச் செதில் செதுக்கிய பிளேட். ஆட்டுத் தோலை வைத்தால் முதலையாக வெளியே வரும். அன்றைக்கு ஏதோ அவசர ஆர்டர். முதலை பிளேட் மாட்டியிருந்தது.

"இத மாத்தணும்னா சூடு ஆறணும் மச்சான். ரெண்டு ஆளு வேணும். பேஜாரு. ஒண்ணு செய்யலாம், மேல ஒரு கனமான கம்பளி ஃபெல்ட் போட்டுக்கினு அமுக்கலாம். டிசைன் விழாது."

"விழாதுல்ல?"

"எங்கேந்து வுழும்?"

ஜாகிர் தட்டை வைத்தான். நான் ஃபெல்ட்டை வைத்தேன். தட்டுக்கு மேலே வைத்திருக்க வேண்டும். மேடை பட்டுத் தட்டில் கீறல் விழக்கூடாதே என்று அக்கறையோடு தட்டைத் தூக்கி அதன் கீழே வைத்துவிட்டேன். மேலே அவன் போட்டிருப்பான் என்று நான் நினைத்தேன். நான் போட்டுவிட்டேன் என்று, சுவிட்ச் பக்கம் போயிருந்த அவன் நினைத்தான். பிளேட் புஸ்ஸென்று இறங்கியது.

எழும்பியதும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

நிமிர்ந்திருந்தது. அதில் குறையே சொல்ல முடியாது. கண்ணாடி மேஜை மாதிரி அவ்வளவு சமம். கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதலை. அத்தனை செதிலும் அழகாக, வரிசையாக, ஓரத்தில் சின்னதும் நடுவில் பெரியதுமாக விழுந்திருந்தது. அடிப்பக்கத்தில் ஃபெல்ட்டின் சொரசொரப்பு.

"ஃப்ளாட் ஆயிச்சா இல்லியா?" என்றான் ஜாகிர், மெதுவாக.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஓடினேன். அங்கே கிடைக்காதது எதுவும் இல்லை என்பார்கள். ஓடாத மிக்ஸிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் ஒருவர் பழைய இசைத்தட்டுகளைக் குவித்து வைத்திருந்தார்.

"இங்கிலீஷ் பாட்டு தட்டு இருக்கா அண்ணா? அட்டையில ஒரு கழுத இருக்கும்."

"கீது. இந்தாண்ட வா. எல்லாம் கீது." பக்திப் பாடல் ஒன்றை எடுத்து நீட்டினார். அட்டையில் மாடு இருந்தது.

"இது மாடு அண்ணா."

"ரெண்டுக்கும் நாலு காலுதானே. தட்டு ஒரே சைஸுதாம்பா."

அவரிடமும் கத்திவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ரேவதி போன் செய்தாள். "பிளேயர் வந்துடுச்சு. அப்பா காலையிலேர்ந்து அதத் தொடச்சிக்கிட்டே இருக்காரு. தட்டு எப்படி இருக்கு?"

"ஃப்ளாட்டா இருக்கு" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவோடு சிட்லபாக்கம் போனோம். வழியெல்லாம், 'உள்ளே போனதும் சொல்லிவிடுகிறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். உள்ளே போனதும் கேசரி வந்தது. கேசரி வாயில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? அப்புறம் பஜ்ஜி வந்தது. சார் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். பிளேயரை நடு ஹாலில் ஸ்டூல் மேல் வைத்திருந்தார். நாற்காலிகள் எல்லாம் அதைப் பார்த்துப் போட்டிருந்தன. கிரிக்கெட் ஃபைனலுக்குத் தயாரான வீடு மாதிரி இருந்தது.

"கொடுங்க" என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். அட்டையிலிருந்து தட்டை உருவினார். பார்த்தார். திருப்பினார். மறுபடியும் இந்தப் பக்கம் திருப்பினார். விரலால் செதில்களைத் தடவினார்.

"என்ன இது?"

யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

"முதல சார்."

அவர் தட்டை பிளேயரில் வைத்தார். "முள்ளு ஒடஞ்சிடும் சார்" என்றேன். "பாப்போம்" என்று முள்ளை இறக்கினார்.

டடக் டடக் டடக் டடக். முள் ஒவ்வொரு செதிலாக ஏறி இறங்கியது. புது ஸ்பீக்கர் வேறு. வீடே அதிர்ந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. எங்கள் அப்பா கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"யார்டுல கூட்ஸ் வண்டி போறாப்பல கீது. இதான் இங்கிலீஷ் பாட்டா? நல்லாத்தான் கீது சார்."

சார் முள்ளைத் தூக்கினார். என் பக்கம் திரும்பினார். "என்ன ஆச்சு?" என்றார். அதே தாழ்ந்த குரல்.

அவர் ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் ஏதோ வெடித்துவிட்டது. என்னைப் பெண் கேட்க அழைத்த வீட்டில், அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்து நான் கத்த ஆரம்பித்தேன்.

"ஏன் சார் என்கிட்டக் குடுத்தீங்க? தெரியும்னு சொன்னா உடனே நம்பிடுவீங்களா? ஏசி மெக்கானிக் சொல்றத யாராவது நம்புவாங்களா? இத்தன வருஷம் ஆபீஸ்ல இருந்தீங்க, ஒருத்தன் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்றானா இல்லையான்னு தெரியாது? எனக்கு ப்ளூஸும் தெரியாது, ஒண்ணும் தெரியாது சார். நான் காயில் பம்ப்புல கழுவினேன். தகரத்து மேல காய வெச்சேன். வளஞ்சுபோச்சு. பம்மல்ல கொண்டுபோய்த் தோல் பிரஸ்ல வெச்சேன். ஃபெல்ட்ட மாத்தி வெச்சது நான். எல்லாம் நான்தான்."

எனக்கு உதவி செய்வதாக நினைத்து அம்மா வாயைத் திறந்தார். "நடுவுல நான்தாங்க காக்காவுக்குச் சோறு வெச்சேன். ரெண்டு காக்கா வந்துச்சு."

ரேவதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். சார் தட்டை எடுத்து அட்டைக்குள் வைத்தார். சட்டையை நீவிவிட்டார்.

"பாக்கலாம்" என்றார்.

ரேவதி கையை எடுத்து என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. எங்கள் அம்மா மட்டும் சந்தோஷமாக என் காதில், "பாக்கலாம்னுட்டாருடா" என்றார்.

எழுந்தோம். வாசலில் செருப்பை மாட்டினேன். கேட்டைத் திறந்தேன். எல்லாம் முடிந்தது என்று தெரியும். இனி இந்த வீட்டுப் பக்கம் வரப்போவதில்லை. அப்படியானால் அந்த ஒரு விஷயம் எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பினேன்.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. அந்த ஆளுக்கு யார் மேல அவ்ளோ கோவம்?"

"எந்த ஆளு?"

"தட்டுல கத்துறாரே, அவரு."

சார் வாசல் வரை வந்தார். "நீங்க கேட்டீங்களா? எப்படி?"

"நாள்காட்டித் தாளச் சுருட்டி குண்டூசி குத்தி, விரலாலயே சுத்தினேன் சார். பன்னெண்டு செகண்ட்தான் வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

அதை எப்படி வார்த்தையில் சொல்வது? கேட்டைப் பிடித்துக்கொண்டு, சிட்லபாக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நான் ஊளையிட்டேன். தீப்பெட்டிக்குள் இருந்து வந்த மாதிரியே, மேலே ஏறி ஏறி. எதிர் வீட்டு நாய் எழுந்து பதில் சொன்னது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

சார் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ரெண்டாவது பக்கம், மூணாவது பாட்டு" என்றார். "ஆனா நீங்க தப்பாப் பாடுறீங்க. அது மேல போகாது. மேலேர்ந்து கீழ வரும். விரல வேகமாச் சுத்தியிருப்பீங்க. இப்படி வரும்."

அவர் ஊளையிட்டார். மேலே தொடங்கி, உடைந்து, படி இறங்குகிற மாதிரி கீழே வந்தது. அப்பாவின் குரல் உயர்ந்து ரேவதி கேட்டது அன்றுதான் முதல் தடவையாம்.

"கோவமெல்லாம் இல்ல" என்றார். "அவன் பொண்டாட்டி ரயிலேறிப் போயிட்டா. உள்ள வாங்க, சொல்றேன்."

உள்ளே போனோம். ஒரு நோட்டை எடுத்துப் பன்னிரண்டு கட்டம் போட்டார். "இதான் ப்ளூஸ். நாலு நாலாப் பன்னெண்டு. மொத நாலுல ஒரு வரி சொல்லுவான்: அவ போயிட்டா. அடுத்த நாலுல அதே வரி: அவ போயிட்டா. கடைசி நாலுல பதில்: வெளிய மழ, குடையையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவ்ளோதான். எல்லாப் பாட்டும் இதான்."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. "எங்கம்மா எங்கப்பாவத் திட்டுறது இப்படித்தான் சார். 'மழ வரும்னு சொன்னேன். மழ வரும்னு சொன்னேன். துணியெல்லாம் நனையுது, நீ பேப்பர் படிச்சிகினு கீற.'"

சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதேதான்" என்றார். "அதேதான் அது."

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. ஏன் ஒரே வரியை இரண்டு தடவை பாடுகிறான், கிட்டார் கம்பியின் மேல் கண்ணாடிப் புட்டியைத் தேய்த்தால் ஏன் அழுகிற மாதிரி கேட்கிறது, பருத்திக் காட்டிலிருந்து லண்டன் வரை அது எப்படிப் போனது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். முப்பது வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் அவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்று ரேவதி பிறகு சொன்னாள். அவளும்தான் கேட்டதில்லை.

ஒன்றரை மணி ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை. பசி தாங்க மாட்டார். கனைத்துப் பார்த்தார். கடைசியில், "சார், பசங்க கல்யாண விஷயம்" என்றார்.

"அதுக்கென்ன, வெச்சுக்கலாம்" என்றார் சார், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல். "இப்ப இந்த அஞ்சாவது கட்டத்துல என்ன மாறுதுன்னு பாருங்க."

அதே தட்டைப் புதிதாக அச்சிட்டு இப்போதும் விற்கிறார்கள் என்று அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. ரேவதி போனில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். ஒன்பது நாளில் வீட்டுக்கே வந்துவிட்டது. அந்த ஆளை முழுதாகக் கேட்டேன். சார் சொன்னது சரிதான், கீழேதான் வருகிறது. கல்யாணத்துக்கு ஜாகிர் ரேவதிக்கு ஒரு கைப்பை கொண்டு வந்தான். முதலை டிசைன். எந்த பிளேட் என்று யாரும் கேட்கவில்லை.

சாரை இப்போது மாமா என்கிறேன். என்னை அவருக்குப் பிடிக்கும். ஆனால் அவருக்குச் சொந்தமான எந்தப் பொருளையும் இந்த ஒன்பது வருடத்தில் என் கையில் கொடுத்ததில்லை. டிவி ரிமோட்டைக்கூட ரேவதியிடம் கொடுப்பார். அவள் என்னிடம் கொடுப்பாள். எங்கள் பெண் பிறந்தபோது மருத்துவமனையில் துணியில் சுற்றி முதலில் அவர் கையில்தான் கொடுத்தார்கள். நான் கையை நீட்டினேன். என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மொதல்ல உட்காருங்க" என்றார். உட்கார்ந்த பிறகுதான் கொடுத்தார். கொடுத்த பிறகும் கீழே அவர் கை இருந்தது.

போன மாதம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்துவிட்டு, நர்ஸ் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு வந்தார். "நாலு வேள போடணும். வீட்டுல யாரு போடுவீங்க?"

"நான் போடறேன் சிஸ்டர்" என்று கையை நீட்டினேன்.

மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்ற கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தார்.

"இவர் வேண்டாம்மா" என்றார் நர்ஸிடம். "இவர்கிட்டக் குடுத்தா காலையில முதலக் கண்ணாயிடும்."

ரேவதி சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்துவிட்டாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது.